துக்க வீட்டில் உட்கார ஒரு மன்றம்

எங்கள் அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களுக்கும் மன்றத்துக்காரர்களுக்கும் தங்கச்சியின் வணக்கம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். "ஆயா, நீ பேசற மாதிரியே போட்டா அச்சாபீசுல சிரிப்பாங்க" என்று அவளாகவே திருத்திக்கொள்கிறாள். திருத்தட்டும், விஷயம் மாறாமல் இருந்தால் சரி. அழுதுகொண்டே சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ரொம்ப நாளாக இருந்த ஒரு பயம் தீர்ந்த சந்தோஷத்தில் சொல்கிறேன். அது என்ன பயம் என்று சொல்ல, எங்கள் அம்மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தியாகதுருகம் கோட்டை மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எங்கள் ஊர். குத்தகை நிலத்தில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பம். அம்மா இறந்தபோது அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பங்காளிகளுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா வாசல் வாசலாகப் போய்க் கூப்பிட்டும் பாடை தூக்க ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. அன்றைக்கென்று மணிலா வாங்க வந்தார் கள்ளக்குறிச்சி மண்டிக்கார பாய். அப்போது அவருக்கு இளவயது. சங்கதி தெரிந்ததும் சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டினார். "எம்மாம் நேரம் வெச்சிகினு இருப்பீங்க பெரியவரே? நான் ஒரு பக்கம் புடிக்கறேன், தூக்குங்க" என்றார். கூட வந்த வண்டிக்காரரையும் மூட்டை தூக்கும் ஆளையும் அழைத்தார். அம்மா அப்படித்தான் போனார்கள்.

அண்ணன் பிறகு கண்டக்டர் ஆனார். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பஸ். மலையில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. கோழி ஏற்றுவார்கள், சாமை மூட்டை ஏற்றுவார்கள், சில்லறை இல்லாமல் ஏறுவார்கள். வளைவில் வாந்தி எடுப்பவர்களுக்கென்று எலுமிச்சம்பழம் எப்போதும் அவர் பையில் இருக்கும். எனக்கும் ஒரு தரம் கொடுத்தார், ஆனால் அந்தக் கதையை இப்போது விடுகிறேன்.

பாய் கடை மாடியில் அண்ணன் மனிதநேய மன்றம் ஆரம்பித்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணனுக்குச் சாமி கிடையாது. நானோ தீமிதிக்கு விரதம் இருக்கிறவள்.

"கோயில் இருக்குது, மசூதி இருக்குது, மாதா கோயில் இருக்குது. கவர்மெண்டு எல்லாருக்கும் பொது. இதுக்கு மேல ஒங்க மன்றம் எதுக்குண்ணா?" என்று கேட்டேன்.

"கவர்மெண்டு பொதுதான், அப்படித்தான் இருக்கணும். ஒரு துக்கம்னா அது வந்து ஒன் வூட்டுல உக்காருமா? சாமி இல்லன்றவன் வூட்டுல ஒரு சாவுன்னா கோயில் ஆளும் வர மாட்டாங்க, மசூதி ஆளும் வர மாட்டாங்க. அவன் பக்கத்துல யாரு உக்கார்றது?"

"அம்மாவுக்கு பாய் வரலியா? அந்த மாதிரி நல்லவங்க வருவாங்க."

"அன்னிக்கு பாய்க்குக் காய்ச்சல்னு வெச்சிக்கோ. இன்னா பண்ணியிருப்போம்? எங்க டிப்போவுல டிரைவருக்குக் காய்ச்சல்னா பஸ்ஸு நிக்குதா? வேற ஆளு ஏறுறாரில்ல? நல்லவங்க ஊருக்கு ஊர் இருக்காங்க தங்கச்சி. ஆளு மாத்தி அனுப்பறதுக்குத்தான் மன்றம்."

அந்த மன்றத்தில் பாயும் உறுப்பினர். வேளை தவறாமல் தொழுகிறவர்தான். "நான் தொழுதுட்டு வரேன், நீ அதுக்குள்ள சாமி இல்லன்னு பேசி முடிச்சிடு" என்பார் அண்ணனிடம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சுண்டல் உண்டு. சுண்டலுக்கு வந்து உறுப்பினரானவர்களே ஜாஸ்தி என்று அண்ணி சொல்வார். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

முதன்முதலாக அவர்கள் போன துக்க வீட்டில் ஒரு கூத்து நடந்தது. மன்றத்துத் தையல்காரர் நன்றாகப் பேசுவார். புருஷனைப் பறிகொடுத்த அம்மா எதிரில் நின்றுகொண்டு, ஆத்மா என்று ஒன்று கிடையாது என்று மேடையில் பேசுவதுபோல ஆரம்பித்துவிட்டார். அந்தம்மா துடைப்பத்தை எடுத்துவிட்டது. "எங்க வூட்டுக்காரு போயிட்டாருன்னு நான் அழுதுகினு இருக்கறேன், நீ இன்னாடா கணக்குப் பாடம் நடத்தறே?" தையல்காரர் ஒரு கால் செருப்போடு தெருமுனைவரை ஓடினார். அதற்குப் பிறகுதான் மன்றத்தில் அந்த வழக்கம் வந்தது. எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்காமல் போக வேண்டும், தோள் கொடுக்க வேண்டும். காரியம் முடியும்வரை மாற்றி மாற்றி யாராவது அந்த வீட்டில் உட்கார வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை, அண்ணனுக்கும் வேலை இல்லை. அப்போது மலைக்கார சடையன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். எப்போதும் அண்ணன் பஸ்ஸில் வருகிறவர். காய்ச்சலில் கொண்டுவந்த மனைவி அங்கேயே இறந்துவிட்டார். வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஊர். எந்த வண்டியும் போகமாட்டேன் என்றது.

ஒரு ஜீப் மட்டும் மரம் விழுந்து கிடக்கும் இடம்வரை வருவதாக ஒத்துக்கொண்டது. அண்ணன், பாய், தையல்காரர் மூவரும் சடையனோடு போனார்கள். கச்சிராயபாளையம் சாலையில் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த இளவட்டங்களில் என் பெரிய பையனும் ஒருவன்.

"யாரும் தாண்டக் கூடாது மாமா. ஒங்களுக்கும் சேத்துதான் இந்தப் போராட்டம்."

"கேக்கறது நியாயம்தான்டா மருமவனே, நானும்தான் கேக்கறேன். இந்தம்மா யாரு எடத்தப் புடுங்கினாங்க? வூட்டுக்குப் போறாங்க, வுடு."

"எந்த ஆளுங்க?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"செத்துப்போன ஆளுங்க" என்றார் பாய். "எறங்குங்கடா, எனக்குத் தோளு வலிக்குது."

என் பையன்தான் முதலில் இறங்கினான். கிளைகளுக்கு நடுவே அந்தம்மா மேல் ஒரு முள்கூடப் படாமல் கை மாற்றிக் கை மாற்றி அந்தப் பக்கம் சேர்த்தார்கள். அங்கே அகப்பட்டுக் கிடந்த மலை ஜீப் அவர்களை மேலே கொண்டுபோனது. அடக்கம் முடிந்ததும் பாயும் தையல்காரரும் நடந்தே திரும்பினார்கள். அண்ணன் மட்டும் சடையன் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். சாமைக் கஞ்சி கொடுத்தார்கள், குடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. சாலை திறக்கும்வரை வரவே இல்லை. "மலையிலயே பொண்ணு கிண்ணு பாத்துட்டாரா இன்னா?" என்று அண்ணி என்னிடம் கேட்டுக் கேட்டுச் சிரித்தார். பயத்தில்தான் சிரித்தார், எனக்குத் தெரியும்.

அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைசிக் காலத்தில் மூச்சிரைப்பு. உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும், சடங்கு எதுவும் கூடாது என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "ஒப்பாரியாவது வெக்கலாமாண்ணா?" என்றேன். "வெய்யி. ஆனா என்னைப் பத்தி ஜாஸ்தி பொய் சொல்லாத" என்றார்.

என் பயம் அப்போது பிடித்ததுதான். பாய் போய்விட்டார், தையல்காரரும் போய்விட்டார். மன்றத்தில் மிச்சம் இருந்தவர்களுக்கெல்லாம் முழங்கால் வலி. ஊருக்கெல்லாம் தோள் கொடுத்த மனிதர் அம்மாவைப்போலத் தூக்க ஆளில்லாமல் கிடந்துவிடுவாரோ என்று எனக்குத் தூக்கம் போயிற்று. அவர் இறந்த காலையில் பெரிய பங்காளி வாசலில் நின்று, "கொள்ளி இல்ல, கருமாதி இல்ல. எங்களுக்கு இங்க இன்னா வேல?" என்றார். அண்ணி தலை நிமிரவில்லை.

அந்த நேரத்தில்தான் உடம்பை வாங்கிப்போக வந்த கல்லூரி வண்டி தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியருகே நின்றுவிட்டது. சாக்கடைக்காகத் தெரு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். "உள்ள வர முடியாதும்மா, தூக்கிகினு வாங்க" என்றார் டிரைவர். தூக்க யார் இருக்கிறார்கள் என்று தெருவைப் பார்த்தேன். ஆனால் தலை நரைத்த என் பெரிய பையன் அதற்குள் முன்பக்கம் பிடித்திருந்தான். பாயின் மகன் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தார். எங்கள் தெருப் பூக்காரர் வந்தார். குழி தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையைப் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். குழிமேல் பலகை போட்டு, ஆள் மாற்றி ஆள் மாற்றி, மெதுவாகக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் பார்த்தால் பெரிய பங்காளி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பக்கம் பிடித்திருக்கிறார். "இப்ப இன்னா வேலன்னு தெரிஞ்சிதா?" என்று கேட்டேன். "சும்மா வாம்மா, குழி பாத்து நட" என்றார். ஒப்பாரியை நடுவில் விட்டுவிட்டு நான் சிரித்துவிட்டேன்.

வண்டி போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அண்ணிக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். யாரென்று எனக்குத் தெரியவில்லை.

"யாருங்க?"

"சடையன். பஸ்காரங்க போனுல சொன்னாங்க. காலைல மொத பஸ்ஸுக்கு வந்தன்."

"எதுனா வேணுங்களா?"

"ஒண்ணும் வேணாம்மா. உக்கார வந்தன்."

அவர் மன்றத்து ஆள் இல்லை. மன்றம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கஞ்சி கொடுத்தோம், குடித்தார். அண்ணி இரண்டாம் நாள் தானாகப் பேச ஆரம்பிக்கும்வரை அங்கேயே இருந்தார்.

தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும், பாய் குடும்பத்துக்கும், சடையன் ஐயாவுக்கும், பத்திரமாக வண்டி ஓட்டிப்போன டிரைவருக்கும் நன்றி. தெருவைத் தோண்டி மூடாமல் வைத்திருந்தவர்களுக்கும் நன்றி. அவர்களால்தான் எங்கள் அண்ணன் தோள்மேல் போனார். பாய் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மறுபடி நடக்கிறது. சுண்டல் இப்போது என் கை. தீமிதிக்கும் போகிறேன். உங்கள் வீட்டில் ஒரு துக்கம் என்றால் சொல்லி அனுப்புங்கள். இவ்வளவு பேசுகிறவள் வந்து என்ன செய்வாளோ என்று யாரும் பயப்பட வேண்டாம். அங்கே நான் வாயைத் திறக்க மாட்டேன்.