கை காட்டினால் நிற்கும் ஐரிஸ்

நாய் இல்லாதபோது ஐரிஸ் கார்சைடு பிரமாதமாக ஓடுகிறார். வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கம்பத்தைச் சுற்றி வந்து, இரண்டு வாளிகளின் மேல் கிடத்திய துடைப்பத்தைத் தாண்டச் சொல்லிக் காற்றுக்குக் கை காட்டி, "நல்ல பிள்ளடா மேஜர், அப்படித்தான்" என்று வெறும் புல்லைக் கொஞ்சுகிறார். மேஜர் சமையலறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பக்கத்து வீட்டார் முதலில் கவலைப்பட்டார்கள். ஆனால் நாய்களுக்கான தடை ஓட்டத்தில் இதுதான் வழக்கம். போட்டிக்கு முன் எல்லோரும் நாயை வெளியே கட்டிவிட்டு மைதானத்தில் இறங்கி, இல்லாத நாய்க்கு வழி சொல்லி ஒத்திகை பார்ப்பார்கள். வளர்ந்த மனிதர்கள் கூட்டமாகப் புல்லோடு பேசுவதைப் பார்த்த அன்றே, நமக்கேற்ற இடம் இது என்று ஐரிஸ் முடிவு செய்துவிட்டார்.

வயது ஐம்பத்தேழு. இங்கிலாந்தில் பர்ன்லி பக்கம் டவுன் பஸ் ஓட்டுகிறார். மேஜர், இரண்டு வீடுகள் வளர்த்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த நாய். கட்டைக் கால், பீப்பாய் வயிறு. என்ன இனம் என்று சொல்ல மருத்துவரே மறுத்துவிட்டார். அதை நகர்த்தும் ஒரே சக்தி சாஸேஜ். அது இருப்பது ஐரிஸின் வலது பையில். ஆகவே மேஜர் அவருடைய வலது முழங்காலோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடும். இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அது ஏற்றுக்கொள்ளவே இல்லை.

"ரெண்டு பக்கமும் ஓடப் பழக்கு ஐரிஸ். எத்தன தடவ சொல்றது?" என்பார் புதன்கிழமை வகுப்பு நடத்தும் கிளெண்டா.

"இடது பையில டிப்போ சாவி இருக்கு."

"சாவிய வலது பக்கம் போடேன்."

"முப்பது வருஷமா அங்கயே இருக்கு. அது எங்க போகும், பாவம்."

போன இரண்டு போட்டிகளிலும் மேஜர் பாதியில் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அடியில் நுழைந்து பர்கர் வண்டிக்குப் போய்விட்டது. "ஞாயித்துக்கிழம போட்டியில தப்பு எத்தன வந்தாலும் பரவால்ல" என்றார் கிளெண்டா. "கடைசித் தடை வரைக்கும் ரெண்டு பேரும் போய்ச் சேரணும். இல்லன்னா உன் இடத்த வெயிட்டிங்ல இருக்கறவங்களுக்குக் குடுத்துருவேன், கோவிச்சுக்காத."

ஐரிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரே இடம் அந்த வகுப்புதான். மறுநாள் பஸ்ஸில், சில்லறை சரியாகக் கொடுத்த ஒரு வக்கீலை "நல்ல பிள்ள" என்று சொல்லிவிட்டார்.

களத்துக்குள் தீனி கொண்டுபோகக் கூடாது. ஞாயிறன்று சாஸேஜ் டப்பாவுக்கு மாறியது. பையில் வாசனை மட்டும் மிச்சம். அதுவே போதுமாக இருந்தது. மேஜர் கம்புகளைத் தாண்டியது. குழாய்க்குள் புகுந்து, யாரும் எதிர்பாராத விதமாக, மறுமுனையில் வெளியே வந்தது. சரிவுப் பலகையில் இறங்கும்போது மட்டும், அடியிலிருக்கும் மஞ்சள் பகுதியில் கால் படாமல் எகிறிக் குதித்தது. அது தப்பு. நடுவர் கையைத் தூக்கினார்.

கையைப் பார்த்ததும் ஐரிஸ் நின்றுவிட்டார். முப்பது வருடப் பழக்கம். நட்ட நடு மைதானத்தில், மூச்சு வாங்க, நடுவர் ஏறிக்கொள்ளட்டும் என்பதுபோல் நின்றார்.

"அக்கா, டவுனுக்குப் போகுமா?" என்று கயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு குரல்.

"நடுவர் எங்கயும் வரலடி ஐரிஸ், நீ ஓடு" என்று கத்தினார் கிளெண்டா.

முழங்கால் திடீரென்று நின்றதில் மேஜர் தடுமாறி, அவரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்து விழித்தது. கடைசித் தடையும் அந்தப் பக்கம்தான் இருந்தது. ஐரிஸ் இடது கையை மெல்ல நீட்டினார். "வாடா." இருவரும் ஓடினார்கள். கம்பு ஆடியது, விழவில்லை.

வெளியே வந்ததும் மேஜர் வழக்கம்போல் வலது முழங்காலை மோந்தது. ஐரிஸ் கவனிக்கவில்லை. இடது பையிலிருந்த சாவியை எடுத்துப் பல்லால் கவ்விக்கொண்டு, டப்பாவைத் திறந்து, சாஸேஜ் அத்தனையையும் அந்தப் பைக்குள் கொட்டினார்.