கோழியைத் தொடாத எனக்கு வந்த காய்ச்சல்

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது. குற்றாலத்தில் சாரல் நன்றாக இருந்ததால், மதுரையிலிருந்து என் கணவரின் அக்கா குடும்பத்தோடு மேலகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு, வரும் வழியிலேயே கோழி வாங்கி வந்தோம். நான் அம்மனுக்கு விரதம். எனக்கு மட்டும் சோறும் ரசமும் வைத்து, வெள்ளரிக்காயை நறுக்கித் தட்டில் வைத்தேன். அதற்குள் மதினி, "நீ இந்தப் பக்கமே வராதட்டி. கோழிய நான் பாத்துக்கிடுதேன்" என்று என்னை அடுப்படியிலிருந்து அனுப்பிவிட்டார். அவர்கள் கோழிக்குழம்பு சாப்பிட்டார்கள். நான் தனியாக உட்கார்ந்து என் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

மறுநாள் மத்தியானம் வயிற்றைப் பிடுங்க ஆரம்பித்தது. வாந்தி, பேதி, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சல். வேடிக்கை என்னவென்றால், கோழி சாப்பிட்ட ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "அருவித் தண்ணியக் குடிச்சிருப்பா" என்றார் கணவர். நான் குடிக்கவே இல்லை. "விரதத்துல ஏதோ குறை வச்சிட்டா" என்றார் மாமியார். படுத்த இடத்திலிருந்தே, என்ன குறை வைத்தேன் என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன். மதினிதான் பாவம், நெற்றியில் ஈரத்துணி போட்டபடி, "கோழியக் கையால கூடத் தொடலியேட்டி, உனக்கு எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் எழுந்து நடந்தபோது கண் இருட்டி விழுந்துவிட்டேன். அள்ளிப் போட்டுக்கொண்டு தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் உடம்பில் நீர் வற்றி ஆபத்தாகியிருக்கும் என்று சொல்லி உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசு. வேகவைக்காமல் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். வெள்ளரிக்காய் என்றேன். எங்கே வைத்திருந்தீர்கள் என்றார். சிங்க் பக்கத்தில், திறந்துதான் இருந்தது.

"அங்கன வச்சு கோழி கழுவினீங்களா?"

மதினி முந்திக்கொண்டு சொன்னார்: "ஆமாம்மா. இவ விரதம்லா, கவிச்சி வாடை வரக்கூடாதுன்னு குழாய நல்லாத் திறந்து விட்டு அஞ்சாறு தடவை கழுவுனேன்."

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார். பரிசோதனை முடிவு வராமல் உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஆனால் பச்சைக் கோழியில் இருக்கிற கிருமி கழுவினால் போகாது. நன்றாக வெந்தால்தான் சாகும். கழுவும்போது தெறிக்கிற தண்ணீரில் அது பக்கத்தில் இருக்கிற பாத்திரம், காய்கறி எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொள்ளும். குழம்பு கொதித்ததால் அவர்கள் தப்பித்தார்கள். என் வெள்ளரிக்காய் அடுப்பைப் பார்க்கவே இல்லை.

மதினி முகம் செத்துப்போயிற்று. "ஒனக்காகத்தானட்டி கழுவுனேன்" என்றார். ஊசி குத்தாத கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் 'பரவாயில்ல மதினி' என்ற ஒரு வார்த்தையும் ஏனோ வாயில் வரவில்லை. இரண்டு நாளில் வீடு திரும்பினேன். மதினி ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டு, நான் தேறும்வரை கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

இப்போது எங்கள் வீட்டில் கோழியைக் குழாயில் கழுவுவதில்லை. நேரே சட்டிக்குப் போகிறது. தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுகிறோம். பச்சையாகச் சாப்பிடுவதைத் தனிக் கத்தியில் நறுக்கி மூடி வைக்கிறோம். "கழுவாத கோழியா?" என்று மாமியார் இன்னும் முகம் சுளிக்கிறார், அவரைச் சொல்லியும் குற்றமில்லை, எனக்கே சில நாள் கை தன்னால் குழாய்க்குப் போகிறது. என்மேல் அவ்வளவு அக்கறையோடு செய்த ஒரு காரியம் எப்படி என்னையே படுக்க வைத்தது என்று நினைத்தால் இன்றைக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்தாலே போதும் என்று நம்புவதை மட்டும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே விட்டுவிட்டேன்.