நெல் அவித்த இடத்து மண்

அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். துணி ஆலைகளில் நூலுக்குப் போட்ட கஞ்சியைப் பிறகு கரைத்தெடுக்க ஒரு நொதி வேண்டும். அதைச் சுரக்கும் பாக்டீரியாவை மண்ணில் தேடுவதுதான் என் வேலை. மாவுச்சத்து கலந்த கண்ணாடித் தட்டில் மண் கரைசலைத் தடவி, இரண்டு நாள் கழித்து அயோடின் ஊற்றுவேன். தட்டு முழுக்கக் கருநீலமாகும். மாவைத் தின்ற பாக்டீரியாவைச் சுற்றி மட்டும் வட்டமாக வெளுத்திருக்கும். வட்டம் பெரிதானால் நொதியும் அதிகம்.

எனக்குக் கிடைத்த வட்டமெல்லாம் கம்பு மணி அளவுதான். சுரங்க மண், முந்திரிக்காட்டு மண், ஏரி மண் எல்லாம் பார்த்தாயிற்று. பி.எஸ்ஸி. படித்த திமிரில் மண்ணைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தட்டு கழுவ, பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து ஓர் அம்மாள் காண்ட்ராக்டில் வந்துகொண்டிருந்தார். ஒருநாள் அவர் சொன்னார்: "நான் கூலிக்கு நெல்லு அவிக்கிறேங்க. அந்தச் சுடுதண்ணிய வூட்டுப் பின்னாடி ஊத்திகினே இருக்கேன். மண்ணு கொழகொழன்னு கெடக்குது. எடுத்தாரட்டுங்களா?"

சிரித்தேன். மறுநாள் கொட்டாங்குச்சியில் கொண்டுவந்துவிட்டார்.

"தேறிச்சின்னா பெரிய சார்கிட்ட என்னப் பத்தி ஒரு வார்த்த சொல்லுங்க. பர்மனென்ட் கேட்டுகினு இருக்கேன்."

தேறியது. வட்டம் இலந்தைப்பழம் அளவுக்கு இருந்தது. நுண்ணோக்கியில் குச்சி குச்சியாக, உள்ளே வித்துகளோடு தெரிந்தது. கொதிநீரைத் தாங்கிப் பிழைத்த இனம்.

மேலதிகாரி தட்டைத் தூக்கிப் பார்த்தார். "எந்த இடத்து மண்ணு? யாரோட யோசனை?"

"என் குவார்ட்டர்ஸ் தோட்டம் சார். சும்மா தோணுச்சு."

வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று பல வருஷம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். தவறவில்லை. கூசாமல் சொன்னேன். அந்த பாக்டீரியாவை வளர்த்து வைத்த புட்டியின் லேபிளிலும் அதையே எழுதி ஒட்டினேன்.

அடுத்த மாதம் காண்ட்ராக்ட் ஆட்களைக் குறைத்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேலதிகாரி அவரை வைத்துக்கொண்டிருப்பார். சொன்னால் என் பொய் வெளியே வந்துவிடும். இரண்டு முறை மேலதிகாரியின் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். நினைத்தால் இன்றும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

கடைசி நாள் அந்த அம்மாள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுத்து தெரியாதவர். அந்தப் புட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல எங்க ஊரு பேரு போட்டிருக்குதுங்களா சார்?"

"போட்டிருக்கு."

மை கலையாதபடி லேபிளைச் சுற்றி மட்டும் துடைத்து, முன்வரிசையில் வைத்துவிட்டுப் போனார்.