சுற்றுலா விசாவில் போன மகன்

மாலை ஐந்து பத்துக்கு வாட்ஸ்அப்பில் மகனின் குரல் பதிவு வந்தது. "அம்மா, இது ஹோட்டல் வேலை இல்ல. ஆத்தத் தாண்டி வேற நாட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க. கம்ப்யூட்டர் முன்னால ஒக்கார வச்சு ஆளுங்கள ஏமாத்தச் சொல்றாங்க. மாட்டேன்னா அடிக்கிறாங்க." அதன்பிறகு அவன் போன் வேலை செய்யவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கணவரோடு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளைப் பொலிஸ் நிலையத்துக்குப் பஸ் ஏறினேன். முறைப்பாடு எழுதவேண்டிய அதிகாரி பேனாவையே தொடவில்லை. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போனது எங்கள் பிள்ளையின் குற்றமாம். மகனை அனுப்பிவைத்த ஏஜென்ட் எங்களைத் தெரியவே தெரியாது என்று அதிகாரியிடம் போனில் சொல்லிவிட்டான். அவன் எங்கள் வீட்டுக்கு வந்ததற்குச் சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டார்.

சாட்சிக்கு எங்கே போவது? பிளேன் ஏறும்வரை பிள்ளையின் பயணத்தைப் பற்றி எங்கள் லய வீடுகளில் யாரும் மூச்சுவிடுவதில்லை. கண்ணூறு பட்டுவிடும் என்ற பயம். சபையில் செபிக்கக் கேட்டபோதுகூட, "ஒரு பயணத்துக்காக" என்றுதான் சொல்லியிருந்தேன்.

அன்றைய டிவி செய்தியில் நம் நாட்டு அதிகாரிகளும் தென்கிழக்காசியக் கூட்டமைப்பின் ஆட்களும் சிரித்தபடி கைகுலுக்கினார்கள். எல்லை தாண்டிய குற்றங்களை இனிச் சேர்ந்து ஒடுக்குவார்களாம். தகவல்களை உடனுக்குடன் பரிமாறுவார்களாம். என்னிடமிருந்த தகவலை வாங்கிக்கொள்ளப் பதுளையில் ஓர் ஆள் இல்லை.

காலையில் பெரட்டுக் களத்துக்குப் போனேன். வேலை பிரித்துக் கொடுப்பதற்காகக் காத்திருந்த பெண்கள் எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னேன். மேல் லயத்துப் பெண் ஒருத்தி முன்னால் வந்தாள்.

"டீச்சர், அந்த ஆளு எங்க வீட்டுக்கும்தான் வந்தான். எங்க மகன் அடுத்த கெழம போறதா இருந்துச்சு."

அவள் மகனின் பயணம் அங்கேயே நின்றது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னோடு பதுளைக்கு வந்து அவள் சாட்சி சொன்ன பிறகே முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வாரக்கணக்கில் எந்தப் பதிலும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் லயத்து வாசலில் ஜீப் ஒன்று நின்றது. மகனைப் பற்றிச் செய்தி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். சிவில் உடையில் இருவர் இறங்கினார்கள். தமிழ் பேசியவர் மரியாதையாகவே சொன்னார்.

"அங்கருந்து விவரம் வந்திருக்குங்க அம்மா. ஏமாத்துற கூட்டத்துல ஒங்க மகனும் இருந்திருக்காரு. வீட்டுக்கு வந்தா மொதல்ல எங்களுக்குத் தெரியப்படுத்தணும்."

உயிரோடு இருக்கிறானா என்று கேட்டேன்.

"அது அனுப்பலங்க," என்றார்.