பதினைந்து லிட்டரும் பதினைந்து கிலோவும்

கடந்த டிசம்பரின் இரண்டாம் சனிக்கிழமை. குன்னூர் மார்க்கெட்டில், மொத்த விலை எண்ணெய்க் கடை ஒன்றில் நானும் என் மனைவியும் நின்றிருந்தோம். கூடலூரில் ஒரு கல்யாணத்துக்கு நாற்பது கிலோ நேந்திரங்காய் சிப்ஸ் போட்டுத் தர அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த முதல் ஆர்டர். விலையைச் சொல்லியாகிவிட்டது, இனி ஏற்ற முடியாது. காயும் வாங்கியாயிற்று. லாபம் நிற்பதும் போவதும் தேங்காய் எண்ணெயின் கையில் இருந்தது.

கடைக்காரர் இரண்டு டின்களை எடுத்து வைத்தார். ஒன்று ஆறாயிரத்து முந்நூறு, மற்றது ஆறாயிரத்து அறுநூறு.

"ரெண்டும் பதினஞ்சுதானுங்க அக்கா. கம்பெனிதான் வேற. எதுக்கு முந்நூறு ரூவாயச் சும்மா கொடுக்கறீங்க?"

மனைவி பர்ஸைத் திறந்துவிட்டாள். நான் டின்னைத் திருப்பினேன். எதன்மீது அச்சிட்டிருந்தாலும் தேதியிலிருந்து முகவரி வரை படித்துவிடுவது என் வழக்கம். மலிவான டின்னில் பதினைந்து லிட்டர் என்றிருந்தது. மற்றதில் பதினைந்து கிலோ.

"இது லிட்டருங்க. அது கிலோ."

"எண்ணெய்தானுங்களே சார். லிட்டருன்னா என்ன, கிலோன்னா என்ன?"

டிசம்பர் குளிரில் எங்கள் வீட்டில் லிட்டருக்கு வேலையில்லை. எண்ணெய் கல்லாக உறைந்துவிடும். கரண்டியால் சுரண்டித் தராசில் வைத்துத்தான் எடுப்போம். முந்தைய வாரம் கொஞ்சம் சிப்ஸ் போட்டுப் பார்த்தபோதும் அவள் அப்படி நிறுத்துதான், மொத்தத்துக்கும் பதினைந்து கிலோ எண்ணெய் வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

லிட்டர் டின்னின் அடியில் பொடி எழுத்தில் எடையும் இருந்தது: பதின்மூன்று கிலோ அறுநூற்றைம்பது கிராம். கைபேசியில் வகுத்தேன். கிலோ நானூற்று அறுபத்தொன்றரை ரூபாய். மற்ற டின்னை வகுத்தேன். நானூற்று நாற்பது. நம்பாமல் இன்னொரு முறை வகுத்தேன்.

"விலை கூடின டின்தான் மலிவு" என்றேன்.

"வெளங்கற மாதிரிச் சொல்லுங்க" என்றாள் மனைவி.

"லிட்டர் டின்ல ஒரு கிலோவுக்கு மேல எண்ணெய் கொறையுது. கிலோவுக்கு இருபத்தோரு ரூவா கூடவும் கொடுக்கறோம்."

அவள் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, நல்லா லாபம் பாத்துக் கொடுத்தீங்க போங்க."

அவர் தம் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்க ஊட்டுக்கும் லிட்டர் டின்தானுங்க கொண்டு போறேன்."

கிலோ டின்னை ஆட்டோவில் ஏற்றினோம். புதன்கிழமை சாயங்காலம் கடைசி ஈடு சிப்ஸை அரித்தெடுத்தபோது, வாணலியின் அடியை மறைக்கும் அளவுக்குத்தான் எண்ணெய் மிஞ்சியிருந்தது. மற்ற டின்னை வாங்கியிருந்தால் இரண்டு ஈட்டுக்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டுக் கடைக்கு ஓடியிருப்பேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கேட்கவில்லை, கூடலூரிலிருந்து வந்த போனில், அடுத்த கல்யாணத்துக்குச் சிப்ஸ் விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.