கேரியரில் நைனா

நைனாவின் வலது கை பிரஸ் மிஷினில் மாட்டியது எண்பதுகளின் கடைசியில். நான் அப்போது நாலாம் வகுப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் அவர் தகடு அடித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கையில் பெரிய வெள்ளைக் கட்டு இருந்தது. கட்டைப் பிரித்த பிறகுதான், கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சமிருப்பதைப் பார்த்தேன். மற்ற விரல்கள் பிறகு முளைக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். இல்லை என்று சொல்ல வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை.

அதற்கு முன்பு நைனா என்றாலே எனக்கு அவருடைய சைக்கிள்தான் ஞாபகம். வெள்ளானூரிலிருந்து எஸ்டேட்டுக்கு அதில்தான் போய் வருவார். கறுப்பு நிறம், உயரமான சைக்கிள். நான் ஏறுவதென்றால் முன்னால் பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைப்பார். ஒரு ஆயுத பூஜைக்குப் பட்டறைக்கு அப்படித்தான் கூட்டிப்போனார். ஒவ்வொரு கூட்ரோட்டிலும் இரண்டு பேர், மூன்று பேர் என்று சைக்கிள்காரர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். திருமுல்லைவாயல் தாண்டும்போது நாங்கள் ஒரு கூட்டமாகிவிட்டோம். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு, பேசிக்கொண்டே மிதித்தார்கள். மழைக்காலத்தில் இதே ரோட்டில் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்ததை ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நைனா அதிகம் பேசாத மனிதர். தெருவில் யாராவது கேலி பேசினால் அந்த இடத்தில் நிற்கவே மாட்டார். அன்று அவரும் சிரித்தார். என் உச்சந்தலையில் அந்தச் சிரிப்பு சூடாகப் பட்டது.

கை ஆறிய பிறகு ஒரு நாள் சைக்கிளை வெளியே எடுத்தார். ஏறிப் பத்தடி போயிருப்பார். எதிரே ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக்கைப் பிடிக்க விரல் இல்லை. நாய் தப்பித்துவிட்டது, நைனா வேலிமுள்ளில் விழுந்தார். எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சுவரோரம் சாய்த்தார். அதன் பிறகு அதைத் தொடவில்லை. பட்டறையிலும் மறுபடி கூப்பிடவில்லை.

அம்மா அதுவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள். அந்த நிலங்களெல்லாம் ஒவ்வொன்றாக மனையாகிக்கொண்டிருந்த காலம் அது. களையெடுக்க யாரும் கூப்பிடவில்லை. எஸ்டேட்டில் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில், சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டும் வேலைக்குப் பெண்கள் வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அம்மா போய்ப் பார்த்தாள், எடுத்துக்கொண்டார்கள். ஆனால் காலையில் சங்கு ஊதினால் கேட்டை மூடிவிடுவார்கள். பிறகு வருகிறவர்கள் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். எங்கள் ஊருக்கு வரும் பஸ்ஸோ அதன் இஷ்டத்துக்கு வரும். முதல் வாரத்திலேயே அம்மா இரண்டு தடவை மூடிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

மறுநாள் நைனா அந்தக் கறுப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆவடிக்குப் போனார். வரும்போது வேறு ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழைய லேடீஸ் சைக்கிள். சாயம் போன சிவப்பு. பாருக்குப் பதில் வளைந்த கம்பி. நான் அழுதேன். என்னுடைய இடம் போய்விட்டது என்பதுதான் என் துக்கம்.

"அந்த சைக்கிள்ல குறுக்க பார் கீதும்மா. பொடவ கட்டிகினு உங்கம்மா எப்டி ஏறுவா?" என்றார் நைனா.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "யாரு, நானா? உனுக்கு கைதான் போச்சின்னு நென்ச்சேன்."

ஆவடியில் டீச்சர்களும் நர்சுகளும் சைக்கிளில் போவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அவர்கள் டீச்சர்கள், நர்சுகள். எங்கள் தெருவிலிருந்து ஒரு நடவுக்காரி சைக்கிளில் போவது வேறு சங்கதி.

ஊருக்குக் கிழக்கே புதிதாகப் போட்டிருந்த மனைகளில்தான் அம்மா பழகினாள். வீடு ஒன்றுகூட வரவில்லை. மஞ்சள் சாயம் அடித்த கற்களும், செம்மண் கொட்டிய நேரான தெருக்களும் மட்டும் இருந்தன. சாயங்காலம் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. நைனா இடது கையால் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவார். நான் இன்னொரு பக்கம் ஓடுவேன். "கீழ பாக்காதமே. தூரத்துல பாரு, தூரத்துல!" என்று கத்துவார். அம்மா கீழேதான் பார்ப்பாள். பார்த்த இடத்திலேயே விழுவாள். ஒரு தடவை விழுந்தவள் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள்.

"இங்கதான்யா மோட்டார் கொட்டா இருந்துச்சி. போன வருசம் இந்த எடத்துல நாத்து நட்டேன்" என்றாள்.

நைனா சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.

ஒரு சாயங்காலம் அவர் பிடியை விட்டதை அம்மா கவனிக்கவில்லை. தெருவின் கோடிவரை போய்விட்டாள். திரும்பத் தெரியாமல் ஒரு மனைக்கல்லில் மோதி நின்றாள். முழங்கையில் ரத்தம் வந்தது. முகமெல்லாம் சிரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லையென்று பிற்பாடு நைனா சொன்னதுண்டு.

சைக்கிளில் முதல் தடவை வேலைக்குக் கிளம்பியபோது புடவையை இழுத்துச் செருகி, சாப்பாட்டுத் தூக்கை முன்னால் மாட்டிக்கொண்டாள். நான் பள்ளிக்கூடப் பையோடு பின்னால் நடந்தேன். என் பள்ளிக்கூடம் ஊர் முனையில் இருந்த டீக்கடையைத் தாண்டி இருந்தது. மெயின் ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் அந்த டீக்கடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா நெருங்கியதும் யாரோ விசிலடித்தார்கள். "அய்யய்யோ, ஓரம் போங்கப்பா, லாரி வருது!" என்று மீசைக்காரர் ஒருவர் கத்தினார். அவர் நைனாவுக்கு மச்சான் முறை. ஊரில் எந்த விஷயத்துக்கும் முதல் சிரிப்பு அவருடையதாகத்தான் இருக்கும். அம்மா அந்தப் பக்கம் பார்த்தாள். அவ்வளவுதான். ஆண்டில்பார் ஆடியது, புடவை முந்தி செயினில் சிக்கியது. அத்தனை பேர் எதிரில் விழுந்தாள். தூக்கு திறந்து சோறு ரோட்டில் கொட்டியது. மீசைக்காரரே ஓடிவந்து சைக்கிளைத் தூக்கிவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சிரித்துக்கொண்டேதான் தூக்கினார்.

அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். சுவரோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "எனுக்கு வாணாய்யா. பட்டினி கெடந்தாலும் கெடக்கறேன், அந்தக் கடைய தாண்டி இனிமே போவ மாட்டேன்" என்றாள். அன்றைக்கும் வேலைக்கு மட்டம். இப்படியே அடிக்கடி மட்டம் போட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கம்பெனியில் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள்.

அம்மாவின் புடவை முந்தியில் செயின் கிரீஸ் கறுப்பாக அப்பியிருந்தது. நைனா அதை எடுத்துக்கொண்டுபோய் மண்ணெண்ணெய் விட்டு, இடது கையால் கல்லில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கறை போகப் போக இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

மறுநாள் காலை அம்மா படுக்கையிலிருந்து எழுவதற்குள் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தார். வெளுத்த சட்டை போட்டு, தலை வாரியிருந்தார்.

"ஏறு. நானும் வரேன்."

"நீ எங்கய்யா வர்ற?"

"ஆவடி வரைக்கும். பின்னால குந்திகினு."

அம்மா அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்பதுபோலப் பார்த்தாள். ஆனால் வேலை போய்விடுமே என்ற பயம் வெட்கத்தைவிடப் பெரியதாக இருந்திருக்க வேண்டும். ஏறினாள். நைனா கேரியரில் இரண்டு பக்கமும் கால்போட்டு உட்கார்ந்தார். சைக்கிள் சாயும்போதெல்லாம் காலைத் தரையில் ஊன்றி நிமிர்த்தினார். தெருவில் கதவுகள் திறந்தன. நான் பின்னால் ஓடினேன்.

டீக்கடை வந்ததும் நைனா செய்ததை என்னால் நம்ப முடியவில்லை. கால்மேல் கால் போடுவதுபோல ஒரு காலைத் தூக்கி மடித்துக்கொண்டார். விரல் போன கையை உயர்த்தி, ஓட்டுக் கேட்டு வருகிற தலைவர்போலப் பெஞ்சைப் பார்த்து ஆட்டினார்.

பெஞ்சு ஒரு கணம் திகைத்துப்போனது. பிறகு இடிந்துவிழுந்ததுபோலச் சிரித்தது. மீசைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"இன்னா மச்சான், பொண்டாட்டி டிரைவரா? நீ இன்னா லோடா?"

"ஆமா மாமே, ஓசி சவாரி! உனுக்கு ஒரு சீட்டு போட சொல்லவா?" என்றார் நைனா. அவர் அப்படிக் கத்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

எல்லோரும் நைனாவைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். சைக்கிள் கடையைத் தாண்டிப் போய்விட்டது. அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்லியிருக்க முடியாது.

அன்று மட்டும் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் இது நடந்தது. நைனா ஆவடிவரை உட்கார்ந்து போவார். அங்கே இறங்கிக்கொள்வார், அம்மா தனியாக எஸ்டேட்டுக்குப் போவாள். வெயிலில் நடந்தே ஊர் திரும்பி, அதே கடை வழியாகத்தான் வருவார். அப்போதும் ஒரு சுற்றுச் சிரிப்பு. 'லோடு' என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என்னை 'லோடு பொண்ணு' என்றார்கள். வீட்டில் அம்மாவும் சத்தம் போட்டாள்.

"உன்ன வச்சி மிதிச்சி மிதிச்சி காலு நோவுதுய்யா. ஊரு சிரிக்குது. மானம் ரோசம் ஒண்ணியும் இல்லியா உனுக்கு?"

"நீ ரோட்ட பாத்து ஓட்டு" என்பார் நைனா. அதற்கு மேல் பேசமாட்டார். வீட்டுக்குள் வந்துவிட்டால் மறுபடி பழைய நைனாதான். கடை எதிரில் கையை ஆட்டிய மனிதரை நான் வீட்டில் தேடிப்பார்த்தேன், கிடைக்கவில்லை.

எந்தச் சிரிப்பும் பழசாகிவிடும். நாளாக ஆக விசில் நின்றது. பிறகு மீசைக்காரர் எழுந்து நிற்பதை நிறுத்தினார். நைனா கையை ஆட்டினால் யாராவது ஒருவர் தலையை மட்டும் அசைத்தார். அம்மாவும் இப்போது கீழே பார்ப்பதில்லை. பள்ளம் வந்தால் வளைத்து ஓட்டினாள், கோழி வந்தால் மணியடித்தாள்.

ஒரு நாள் காலை சைக்கிள் வாசலில் நின்றது. நைனா வெளுத்த சட்டை போடவில்லை.

"நீ போய்ட்டு வா" என்றார்.

அம்மா அவர் சட்டையைப் பார்த்தாள். ஏறி மிதித்தாள். நான் எப்போதும்போலப் பின்னால் ஓடினேன். டீக்கடையில் அதே ஆட்கள் இருந்தார்கள். இரண்டு பேர் பேப்பரைப் பங்குபோட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவர்கள் எதிரிலேயே போனாள். ஒருவரும் நிமிரவில்லை. தெருவில் ஒரு பசுமாடு போனால் எவ்வளவு கவனிப்பார்களோ அவ்வளவுதான் கவனித்தார்கள். மெயின் ரோட்டில் திரும்பும்போது அம்மாவின் முந்தி காற்றில் ஒருமுறை எழுந்து அடங்கியது.

பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் நேரமிருந்தது. நான் வீட்டுக்கு ஓடிவந்தேன். நைனா பின்பக்கம் அடிபம்பு பக்கத்தில் குந்தியிருந்தார். குடம் காலியாக இருந்தது.

"அம்மா கடைய தாண்டி பூட்ச்சி நைனா" என்றேன்.

"சிரிச்சாங்களா?"

"இல்லியே. பேப்பர் படிச்சிகினு இருந்தாங்கோ."

"யாருமே பாக்கலியா?"

"யாருமே பாக்கல."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமல் மாதிரி. நான் பயந்துபோய் அவர் முன்னால் போய் நின்றேன். கண்ணெல்லாம் நனைந்திருந்தது.

"கை வலிக்குதா நைனா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு வலது கையை என்னிடம் நீட்டினார்.

"ஆமாம்மா, வலிக்குது."

நான் அதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, விரல்கள் இருந்த இடத்தில் ஊதினேன். பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை ஊதிக்கொண்டே இருந்தேன். அவரும் கையை எடுக்கவில்லை. அந்தப் புண் ஆறி எத்தனையோ மாதங்களாகிவிட்டன என்பது எனக்குத் தோன்றவே இல்லை.