புருவத்தில் ஒரு கீறல்

போன ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

சேலத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் நெகடிவ் திருத்துவது என் வேலை. அம்மைத் தழும்பு, மூக்கோரத்து நிழல், காதில் முளைத்த மரு... எல்லாவற்றையும் பென்சிலாலும் தூரிகையாலும் மறைக்க வேண்டும். சென்னையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து கற்ற வித்தை. அதை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? சிகரெட் பாக்கெட்டுக்குள் வருகிற ஹாக்கி ஆட்டக்காரர் படங்களுக்குத் தரம் போடுகிறேன்!

ஆரம்பித்து வைத்தவர் ஒரு நூல் மில்லின் விளையாட்டுக் கிளப் காரியதரிசி. அவர் சிகரெட் பிடிப்பதே படத்துக்காகத்தான் என்று அவர் மனைவி சொல்வார். இவரைப் போல் படம் சேர்ப்பவர்கள் இந்த ஜில்லாவில் நான் நினைத்ததைவிட அதிகம். ஓர் ஆட்டக்காரர் டீமுக்குப் புதிதாக வந்ததும் வெளியாகிற முதல் படம்தான் இவர்களுக்கு உயிர். பின்னால் அதே ஆளுக்குப் பத்துப் படம் வந்தாலும் அவை எல்லாம் சும்மா. ஆனால் எந்தப் புதுமுகம் நாளைக்குப் பெரிய ஆளாவான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் எல்லாப் புதுமுகங்களையும் பத்திரப்படுத்துகிறார்கள்.

நான் லென்ஸை வைத்துப் பார்ப்பேன். நாலு மூலையும் கூர்மையா? சுற்றியுள்ள வெள்ளை ஓரம் சமமா? வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்கார்ந்திருக்கின்றனவா? பின்பக்கம் பசை பட்டிருக்கிறதா? எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, கடைசியில் தரம். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. சிகரெட்டைத் தொட்டறியாத என் விரல்களில் ஞாயிறு சாயங்காலம் புகையிலை நாற்றம் அடிக்கும். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாள். அதுதான் பயம்.

போன ஞாயிறு காரியதரிசி ஆல்பத்தோடு ஓர் ஆளையும் அழைத்துவந்தார். நாற்பது வயதிருக்கும். கறுத்த, ஒடிசலான உடம்பு. ஒரு காலைச் சற்றே இழுத்து நடந்தார்.

“இவர் பேர் நாச்சிமுத்து, பரமத்தி வேலூர். பட்டாளத்திலே இருந்தப்போ மாகாண டீமுக்கு ஆடினாராம். நம்ம மில் டீமுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு வந்திருக்கார். நாளைக்கு டைரக்டர்கள் கூடி முடிவு பண்றாங்க” என்றார் காரியதரிசி.

“நல்லதுதானே?”

“ஆள் அவர்தானான்னு தெரியணுமே! பட்டாளத்துக் காகிதத்திலே நல்ல நடத்தைன்னு எழுதியிருக்கு. ஹாக்கி பத்தி ஒரு வரி இல்லே. என் ஆல்பத்திலே நாச்சிமுத்து படம் இருக்கு, வாஸ்தவம். ஆனா உங்க கொங்கு நாட்டிலே நாச்சிமுத்து தெருவுக்கு நாலு பேர் இருக்காங்களே!”

“கையில் மட்டையைக் கொடுத்து ஆடச் சொன்னால் தெரிந்துவிடாதா?” என்று கேட்டேன்.

“முழங்கால் போயிருச்சுங்க அம்மிணி” என்றார் வந்தவர். “நின்ன எடத்துல பந்த அடிச்சுக் காட்டுனேனுங்க. அத எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனும் அடிப்பான்னு இவரு சொல்லிப்போட்டாருங்க.”

காரியதரிசி ஆல்பத்தைத் திறந்து என்முன் வைத்தார். “நீதான் முகம் பார்க்கிறவளாச்சே. பார்த்துச் சொல்லும்மா.”

படத்தில் இருந்தவருக்கு ரோஜா நிறக் கன்னம், செக்கச் சிவந்த உதடு. அதை நான் பொருட்படுத்தவில்லை. அச்சுக்கூடத்து ஓவியர்கள் எல்லா ஆட்டக்காரருக்கும் ஒரே கன்னத்தைத்தான் கொடுக்கிறார்கள். காதும் தாடையும் ஒத்துப்போயின. ஆனால் ஆயிரம் பேருக்கு அப்படிக் காதும் தாடையும் இருக்கும்.

“இதைப் பாரு” என்று காரியதரிசி விரலை நீட்டினார். எதிரே நின்றவரின் இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு பழைய தழும்பு. படத்தில் புருவம் வில்லைப் போல முழுசாக இருந்தது.

“காயம் எப்போது பட்டது?” என்று கேட்டேன்.

“மொத மேட்சுலயேங்க. ஒருத்தன் மட்டையச் சுழட்டி உட்டுட்டான். மூணு தையல். அது ஆறுனதுக்கு அப்பறந்தான் போட்டோ புடிச்சாங்க.”

“கேட்டியா? இவர் சொல்றபடி பார்த்தா, படத்திலே தழும்பு இருக்கணும். இல்லே! இனி என்ன பேச்சு?” என்றார் காரியதரிசி.

வந்தவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் முகமே தனக்கு எதிராகச் சாட்சி சொன்னால் யார்தான் என்ன செய்வது?

இந்தப் படத்துக்குத் தரம் போட்டவளே நான்தான் என்பது நினைவுக்கு வந்தது. நோட்டை எடுத்துப் புரட்டினேன். ஆறு மாசத்துக்கு முந்தைய பக்கம். என் கையெழுத்து. ‘நாச்சிமுத்து, முதல் படம். மூலைகள் கூர்மை. ஓரம் சமம். பின்பக்கம் சுத்தம். குறை: இடது புருவத்தில் வெள்ளைக் கீறல், அச்சுப் பிழை. நிரப்பப்பட்டது. முதல் தரம்.’

அன்றைக்கு நூறு படங்களை மொத்தமாகக் கொடுத்து, “சின்னச் சின்னக் குறை இருந்தா சரி பண்ணிடும்மா” என்று சொன்னவர் இதே காரியதரிசிதான். அவர் மறந்துவிட்டார். நானும் மறந்திருக்கலாம். நோட்டை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னாலோ, சேலத்திலிருந்து நாமக்கல் வரை என் முதல் தரமெல்லாம் வெறும் பெயின்ட் என்று பேசுவார்கள்.

பஞ்சை நனைத்துப் பிழிந்தேன்.

“ஐயையோ, என்ன பண்றே! ஜில்லாவிலேயே இதுபோலச் சுத்தமான படம் கிடையாது!” என்று காரியதரிசி பதறினார்.

“நான் பூசியதை நானே எடுக்கிறேன், சார்.”

மெதுவாக இரண்டு முறை துடைத்தேன். தண்ணீர் வர்ணம்தானே, பழுப்பாகப் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதன் கீழே வெள்ளையாக, சாய்வாக, புருவத்தை இரண்டாக வெட்டிய கீறல். லென்ஸைக் காரியதரிசியிடம் கொடுத்தேன். படத்தைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“அப்போ...” என்றார். “இது இனிமே இரண்டாம் தரமா?”

நாச்சிமுத்து குனிந்து தன் படத்தைப் பார்த்தார். “நீங்க பூசுன மூஞ்சியும் பரவால்லீங்க அம்மிணி. என்ற ஊட்டுக்காரி பாத்திருந்தா, அந்த மாப்பிள்ளையவே கட்டி வெச்சிருங்கன்னு நின்னிருப்பா” என்றார்.

திங்கட்கிழமை மதியம் அவருக்கு வேலை உறுதியாயிற்று. என்னைப் பற்றிய பேச்சும் அன்றைக்கே கிளம்பிவிட்டது. இரண்டு பேர் தங்கள் ஆல்பங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். போகட்டும். எது அச்சுப் பிழை, எது அந்த ஆளின் தழும்பு என்று லென்ஸுக்குத் தெரிவதில்லை. அதைப் பிடித்திருக்கிற எனக்கும் தெரியவில்லை.

ராத்திரி நோட்டை முதலிலிருந்து படித்தேன். ‘நிரப்பப்பட்டது’ என்று நான் எழுதிய முகங்கள் இன்னும் ஆறு இருக்கின்றன.